பெட்டி வந்து 19 நாள் கழித்து முதல் சீவல்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லாரிக்காரர் என் புது லேத்தும் மில்லிங் மெஷினும் இருந்த இரண்டு மரப்பெட்டிகளை வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலமே ஒரு கம்பியை லேத்தின் சக்கில் (கம்பியைக் கவ்விச் சுற்றுகிற பகுதி) மாட்டி நாலு இரும்புச் சீவல் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் சீவல் விழ 19 நாள் ஆனது. அந்த 19 நாளின் கதைதான் இது. எந்த மாடல் நல்லது, எது மோசம் என்பதெல்லாம் இதில் வராது.

ஒன்று லேத், கம்பியைச் சுற்றவிட்டுக் கடைகிற மெஷின், பெட்டியோடு சேர்த்து 190 கிலோ. இன்னொன்று பென்ச் மேல் வைக்கிற வகை மில்லிங் மெஷின், சுற்றுகிற கட்டரால் உலோகத்தைச் செதுக்குவது, 240 கிலோ. அதற்கு முன்னால் என் பட்டறையில் இருந்த கனமான சாமான் என்றால் பென்ச் டிரில்தான், அதை நான் ஒருவனே தூக்கி வைத்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் 190 கிலோவை எடை போட்டது முதல் தப்பு.

இரண்டாவது தப்பு, கதவை அளந்தேனே தவிர பெட்டியை அளக்கவில்லை. மெஷினின் அகலம் கையேட்டில் இருந்தது, கதவின் அகலம் 900 மி.மீ., எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் பெட்டி 920. ஆக வாசலிலேயே, மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே, ஆணி பிடுங்க ஆரம்பித்தோம். ஒன்று நல்லதாகப் போயிற்று: கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பெட்டியின் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். ஒரு மூலையில் பலகை உடைந்திருந்தது. உள்ளே மில்லிங்கின் ஒரு கைச்சக்கரப் பிடி வளைந்திருந்தது. போட்டோவைப் பார்த்ததும் விற்றவர்கள் மறுபேச்சில்லாமல் வேறு பிடி அனுப்பினார்கள்.

கூட வந்தவன் என் நண்பன், வண்டி இன்ஜின் இறக்குகிற வேலை செய்பவன். அவனுடைய இன்ஜின் கிரேனையும் கொண்டு வந்திருந்தான். கிரேன் 1 டன் என்று பெரிதாக எழுதியிருக்கும். ஆனால் அதன் கையில் நாலு ஓட்டை இருக்கும், ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்தில் ஒரு எண். கையை உள்ளே இழுத்து வைத்தால்தான் 1000 கிலோ. முழுக்க நீட்டினால் 250. நான் நீட்டி வைத்துத் தூக்கப் பார்த்தேன். "மாப்ளே, 240 கிலோவ 250-ல தொங்கவிட்டு அடியில நீ நிப்பியா? நான் நிக்க மாட்டேன்" என்றான். கையை உள்ளே இழுத்தால் கிரேனின் கால்கள் பெட்டியின் அடிப்பலகையில் இடிக்கின்றன. கடைசியில் அடிப்பலகையின் நடுக்கட்டையை ரம்பத்தால் அறுத்து எடுத்து, கால் உள்ளே போக வழி செய்தோம்.

லேத்தைத் தூக்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கனம் முழுக்க ஹெட்ஸ்டாக் பக்கம், அதாவது சக்கைச் சுழற்றுகிற இடது தலைப்பகுதியில். நடுவில் ஸ்லிங் (தூக்குகிற பட்டை) போட்டால் இடது பக்கம் அப்படியே தலைகுப்புறச் சாயும். அதனால் சேடிலையும் (டூலைச் சுமந்து நகர்கிற பகுதி) டெயில்ஸ்டாக்கையும் (கம்பியின் மறுமுனையைத் தாங்குகிற பகுதி) வலது கோடிக்குத் தள்ளி இறுக்கிவிட்டு, பெட்டின் (இவை நகர்கிற நீளமான வார்ப்பிரும்பு அடித்தளம்) அடியில் ஒரு கட்டை, மேலே ஒரு கட்டை, நடுவில் ஐ-போல்ட், அதில் கொக்கி. ஒரு சென்டிமீட்டர் மட்டும் தூக்கிப் பார்க்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்குத் தக்கபடி சேடிலை நகர்த்த வேண்டும், மறுபடி தூக்கிப் பார்க்க வேண்டும். எங்களுக்கு நாலாவது தடவை மட்டமாக நின்றது. ஸ்பிண்டிலில் (சக் மாட்டியிருக்கிற சுழல்தண்டு) கயிறு கட்டித் தூக்குவது, ஸ்லிங் லீட்ஸ்க்ரூவை (திருகு வெட்டும்போது சேடிலை இழுக்கிற நீளத் திருகு) அழுத்துவது, இரண்டும் கூடவே கூடாது. லீட்ஸ்க்ரூ வளைந்தால் அப்புறம் அது திருகு வெட்டுகிற மெஷின் இல்லை.

மில்லிங் மேல்கனம். தலையை முழுக்கக் கீழே இறக்கி, மேஜையை நடுவில் நிறுத்தி, கையேட்டில் காட்டியிருந்த இடத்தில் ஸ்லிங் மாட்டினோம். அப்படியும் கதவுப்படியைத் தாண்டும்போது ஒரு ஆட்டம் ஆடியது பாருங்கள், என் உயிர் போய் வந்தது. அதற்கப்புறம் கிரேனை நம்பாமல், தரைக்கு இரண்டு அங்குல உயரத்துக்கு இறக்கி, அடியில் பலகை கொடுத்து, பலகைக்கு அடியில் மூன்று இரும்புக் குழாயைப் போட்டு உருட்டினோம். பின்னால் வெளியே வருகிற குழாயை எடுத்து முன்னால் போடுவது, கடப்பாரையால் ஒரு நெம்பு, மறுபடி குழாய். அரை மணி நேரத்தில் ஆறு மீட்டர். தேரே இப்படித்தான் நகர்ந்திருக்கும்.

சரி, உள்ளே வந்தாயிற்று. அடுத்த நாலு நாள் துடைப்பு.

புது மெஷின் என்றால் பளபளவென்று வரும் என்று நினைத்திருந்தவனுக்கு அந்த மஞ்சள் பிசின் ஒரு அதிர்ச்சி. கடல் பயணத்தில் துரு ஏறாமலிருக்கத் தடவி அனுப்புகிற கிரீஸ் அது, மசகு எண்ணெய் இல்லை. மேலாகத் துடைத்துவிட்டு ஓட்டினால் பட்டறைத் தூசியும் இரும்புப் பொடியும் அதில் ஒட்டி அரைக்கிற பசை மாதிரி ஆகிவிடும். மண்ணெண்ணெய், பழைய பல் தேய்க்கிற பிரஷ், கந்தல் துணி, கையுறை, திறந்த ஜன்னல், இவ்வளவுதான் தேவை. பெட்ரோல் வேகமாகக் கரைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மூடிய அறையில் அதன் ஆவிக்கு ஒரு ஸ்விட்ச் பொறி போதும்.

குறுக்கு ஸ்லைடைக் கழற்றியபோது உள்ளே வார்ப்பு மணல் இருந்தது, விரலில் தேய்த்தால் நறநறவென்று. ஸ்லைடின் ஆட்டத்தை எடுக்கிற கிப் பட்டையின் ஒரு ஓரத்தில் நகத்தில் மாட்டுகிற அளவுக்குப் பிசிறு. எண்ணெய்க்கல்லில் நாலு இழுப்பு இழுத்துப் பிசிறை எடுத்துவிட்டு, எண்ணெய் போட்டு மாட்டினேன். அதற்கு முன் ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் தளர்ந்து ஓடிய ஸ்லைடு, இப்போது ஒரே சீராக ஓடியது. இந்த விலைத் தரத்து மெஷின்களை முக்கால்வாசி முடித்த சாமானாக நினைத்துக்கொள்வதுதான் நல்லது. மீதிக் கால்வாசி நம் வேலை. கோபம் வரத்தான் செய்யும், ஆனால் கழற்றி மாட்டியதில் மெஷினின் உள்விவரம் முழுக்கக் கைக்குப் பழகிவிட்டது.

மூன்றுதாடைச் சக்கையும் கழற்றிக் கழுவினேன். தாடைகளில் 1, 2, 3 என்று எண் குத்தியிருக்கும். உள்ளே இருக்கிற சுருள்வரியின் ஆரம்ப முனை ஒவ்வொரு காடிக்கும் வரும்போது அந்த வரிசையில்தான் தாடையை விட வேண்டும். நான் அவசரத்தில் 2-ஐ முதலில் விட்டுவிட்டேன். இறுக்கினால் இரண்டு தாடை நடுவில் சந்திக்கின்றன, மூன்றாவது எட்டடி தள்ளி நிற்கிற விருந்தாளி மாதிரி எட்டிப் பார்க்கிறது. சக்கில் கோளாறு என்று முடிவு கட்டி விற்றவர்களுக்குப் போன் போடப் போன நேரத்தில் அந்தக் குத்தெண் கண்ணில் பட்டது. யாரிடமும் சொல்லாமல் கழற்றி மாட்டினேன்.

அடுத்து எண்ணெய். இதைத் தடித்த எழுத்தில் எழுதத் தோன்றுகிறது. கியர் வைத்த ஹெட்ஸ்டாக் உள்ள லேத்கள் பல, உள்ளே எண்ணெய் இல்லாமல்தான் வருகின்றன, வழியில் சிந்தாமலிருக்க. என் மெஷினின் கையேட்டில் அது 14-ஆம் பக்கத்தில் ஒரே ஒரு வரி. பார்வைக் கண்ணாடியில் லேசாக ஒரு மஞ்சள் நிறம் தெரிந்ததை நான் எண்ணெய் என்று நினைத்தேன். அது சோதனை ஓட்டத்தின்போது ஒட்டிய படலம். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் அடிப்பகுதி காய்ந்து கிடக்கிறது. கையேடு சொன்னபடி ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 32 (வி.ஜி. என்பது எண்ணெயின் பாகுத்தன்மைக்கான எண்) எண்ணெய் ஊற்றினேன். பெட்டுக்கும் ஸ்லைடுகளுக்கும் வேறு: வி.ஜி. 68 ஸ்லைடுவே எண்ணெய், அதில் ஒட்டிக்கொண்டிருப்பதற்கான சேர்மானம் இருக்கிறது, செங்குத்துப் பரப்பிலும் வழிந்து ஓடாது. வண்டிக்கு ஊற்றுகிற இன்ஜின் ஆயிலை ஹெட்ஸ்டாக்கில் ஊற்றலாமே என்று நண்பன் கேட்டான். இன்ஜின் ஆயிலில் இருக்கிற டிடர்ஜென்ட், அழுக்கை அடியில் படியவிடாமல் மிதக்க வைக்கும். வண்டியில் அதை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். லேத்தில் ஃபில்டர் ஏது? மிதக்கிற பொடி பேரிங்குக்குத்தான் போகும்.

மின்சாரத்துக்கு ஆள் கூப்பிட்டேன், வெட்கப்படவில்லை. லேத்தின் மோட்டார் மூன்று ஃபேஸ், 1.5 கிலோவாட், வீட்டில் இருப்பது ஒற்றை ஃபேஸ். நடுவில் ஒரு வி.எஃப்.டி. வைத்தால் அது மூன்று ஃபேஸாக மாற்றித் தரும், வேகத்தையும் குமிழைத் திருப்பி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மோட்டார் தகட்டில் 230/400 என்று இருந்தால், 230 வோல்ட் தருகிற வி.எஃப்.டி.க்கு மோட்டாருக்குள்ளே இணைப்பை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு (சுருள்களை இணைக்கிற இரண்டு விதங்கள்) மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் மோட்டார் ஓடும், ஆனால் இழுவை இருக்காது. எலக்ட்ரீஷியன் மூடியைக் கழற்றி மூன்று செப்புப் பட்டைகளை இடம் மாற்றினார், அவ்வளவுதான். இன்னொன்றும் சொன்னார்: வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் ஸ்விட்ச் வைக்காதே, மெஷினோடு வந்த பழைய ஆன்-ஆஃப் பட்டன்களை வி.எஃப்.டி.யின் கட்டுப்பாட்டு முனைகளில் கொண்டு வந்து சேர். அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும், உடனே கை வைக்காதே. கரண்ட் போய்த் திரும்பி வரும்போது இரண்டு மெஷினும் தானாக ஓடத் தொடங்குகிறதா என்று மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். இரண்டும் அசையவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

இனி லெவல். 19 நாளில் ஏழு நாளைச் சாப்பிட்டது இதுதான்.

கொத்தனார் ரசமட்டம் இதற்கு உதவாது. கடன் வாங்கிய மெஷின் லெவலில் ஒரு கோடு என்பது மீட்டருக்கு 0.02 மி.மீ. ஒரு மீட்டர் நீளப் பட்டையின் ஒரு முனைக்கு அடியில் தலைமயிரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத தகட்டை வைத்தால் குமிழி ஒரு கோடு நகரும். கையால் தொட்டுத் தூக்கி வைத்தால் கைச்சூட்டுக்கே குமிழி அலைகிறது. வைத்துவிட்டு ஐந்து நிமிடம் தள்ளி நிற்க வேண்டும். முதல் நாள் அது தெரியாமல், மூஞ்சியை அதன் மேல் வைத்துக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டே ஸ்பானரைத் திருப்பினேன்.

உண்மையில் லேத் மட்டமாக நிற்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. கப்பல்களில் லேத் இருக்கிறது, அலையில் ஆடிக்கொண்டே நேராகக் கடைகிறது. நமக்கு வேண்டியது பெட் முறுக்கிக்கொள்ளாமல் இருப்பது. ஹெட்ஸ்டாக் பக்கம் ஒரு விதமாகவும் டெயில்ஸ்டாக் பக்கம் ஒரு விதமாகவும் சாய்ந்திருந்தால், டூல் நகர நகர வேலையின் அச்சை விட்டு விலகும் அல்லது நெருங்கும், நேராக வர வேண்டிய கம்பி கூம்பாக வரும். இரண்டு முனையிலும் லெவல் ஒரே அளவு காட்டினால் போதும், அந்த அளவு பூஜ்யமாக இருந்தால் நினைவு வைத்துக்கொள்ள எளிது, அதற்குத்தான் மட்டம் வைக்கிறோம்.

போல்ட் இறுக்குவதற்கு முன் குமிழி இரண்டு முனையிலும் நடுவில் நின்றது. இறுக்கினேன், டெயில்ஸ்டாக் பக்கம் இரண்டு கோடு ஓடிப்போனது. தளர்த்தினால் திரும்பி வருகிறது. வார்ப்பிரும்புதானே, என்ன வளையப் போகிறது என்று நினைக்கிறோம். ஒரு ஸ்பானரின் கால் திருப்பத்துக்கு அது ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கிறது. கால்களுக்கு அடியில் தகடு வைத்து ஓரளவு சரி பண்ணிவிட்டு, கடைசித் தீர்ப்புக்குக் கடைந்து பார்க்கிற சோதனைக்குப் போனேன். 30 மி.மீ. கம்பி, சக்கிலிருந்து 150 மி.மீ. வெளியே, டெயில்ஸ்டாக் துணை இல்லாமல். நடுப்பகுதியைக் குறைத்து இரண்டு முனையிலும் ஒவ்வொரு வளையம் விட்டு, கூரான டூலால், டூல் அளவை மாற்றாமல், இரண்டு வளையத்தையும் மெல்லிசாக ஒரே ஓட்டத்தில் கடைய வேண்டும். அப்புறம் மைக்ரோமீட்டர்.

அதற்கு முன் மெஷினைப் பழக்கினேன், குறைந்த வேகத்தில் இருபது நிமிடம், பேரிங் மேல் கை வைத்துப் பார்த்து, அடுத்த வேகம், மறுபடி கை. வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு கூடாது.

ஆக 19-ஆம் நாள் விழுந்த முதல் சீவல் எதையும் செய்வதற்காக விழுந்ததில்லை, அளப்பதற்காக. நீலமும் வெள்ளையுமாகச் சுருண்டு தட்டில் விழுந்தபோது நண்பனுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன், அவன் ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினான். அளந்தால் வெளி முனை வளையம் 0.05 மி.மீ. தடித்திருந்தது. வெளி முனை தடிமன் என்றால் டூல் அங்கே அச்சை விட்டு என் பக்கம் விலகியிருக்கிறது. டெயில்ஸ்டாக் பக்கத்து முன்காலைத் தூக்கினால் பெட்டின் மேல்பக்கம் பின்னால் சாய்ந்து டூலை உள்ளே தள்ளும். தகடு வைத்தேன், மறுபடி கடைந்தேன், வித்தியாசம் 0.01-க்குள் வந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

மூன்று நாள் கழித்து எதற்கோ மறுபடி கடைந்து பார்த்தால், இப்போது வெளி முனை 0.03 மெலிந்திருக்கிறது.

யாரோ வந்து மெஷினைத் தொட்டார்களா என்றுகூட யோசித்தேன். வெப்பமா? பென்ச்சா? கடைசியில் வேறு வழியில்லாமல் டெயில்ஸ்டாக் பக்கம் இரண்டு போல்ட்டையும் கழற்றி, நெம்பித் தூக்கி, அடியில் கண்ணாடியை நீட்டிப் பார்த்தேன். பின்காலின் அடிப்பரப்பில் ஒரு சொட்டுப் பெயின்ட். தொழிற்சாலையில் வழிந்து காய்ந்தது; துவரம்பருப்பு அளவுதான், போல்ட்டின் அழுத்தத்தில் மூன்று நாளாக மெல்ல மெல்ல நசுங்கிப் பப்படமாகியிருந்தது. அந்தச் சொட்டு பின்காலைத் தூக்கியிருந்ததால்தான் நான் முன்காலுக்குத் தகடு வைத்துச் சமன் செய்தேன், சொட்டு நசுங்கியதும் என் தகடு மட்டும் மிச்சம். நாலு காலின் அடியையும் சுரண்டி, அரம் போட்டு, துடைத்து, எல்லாத் தகட்டையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை ஒரே ஒரு காலுக்கு மட்டும் மெல்லிய தகடு தேவைப்பட்டது. தூக்கி வைப்பதற்கு முன்னால், கிரேனில் தொங்கும்போதே, அடியில் கை விடாமல் ஒரு கண்ணாடியில் பார்த்திருந்தால் இது இரண்டு நிமிட வேலை.

மில்லிங்குக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை, கதையும் அவ்வளவு இல்லை. ஸ்பிண்டில் மேஜைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க, அதில் டயல் கேஜை (மிகச் சிறு வித்தியாசத்தையும் முள்ளால் காட்டுகிற கருவி) மாட்டி 200 மி.மீ. வட்டத்தில் மேஜை மேல் கையால் சுற்றினேன். இடது-வலது சரி பண்ணுவது எளிது, தலையைத் தளர்த்தித் தட்டினால் ஆயிற்று. முன்-பின்தான் வம்பு: முன்பக்கம் 0.06 இடைவெளி அதிகம் காட்டியது, அதாவது தூண் பின்னால் சாய்ந்திருக்கிறது, அதைச் சரி செய்யத் திருகு எதுவும் கிடையாது. தூணின் பின்பக்க போல்ட்டுகளுக்கு அடியில் தகடு வைக்க வேண்டும். முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடைவெளி 160 மி.மீ., ஆக 0.06-ஐ 160-ஆல் பெருக்கி 200-ஆல் வகுத்தால் 0.048. சமையலறையிலிருந்து அலுமினியத் தாளை எடுத்து அளந்தேன், 0.015 இருந்தது. மூன்று அடுக்கு. தலையைக் கிரேனில் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் தூண் போல்ட்டைத் தளர்த்தினேன், இல்லையென்றால் அது நம் மேல்தான் சாயும். மறுபடி சுற்றியபோது முள் 0.01 அசைந்தது. போதும் என்று விட்டுவிட்டேன், என் கைவேலை இன்னும் அந்த 0.01-ஐக் கண்டுபிடிக்கிற அளவுக்கு வளரவில்லை.

லேத்தில் நான் செய்த முதல் உருப்படியான சாமான் சக் சாவிக்கு ஒரு ஸ்பிரிங் வளையம். கையை விட்டால் சாவி தானாக வெளியே தள்ளப்படும், சக்கிலேயே மறந்துவிட்டு ஸ்விட்சைப் போட முடியாது. மில்லிங்கின் வைஸ் இன்னும் மேஜையில் ஏறவில்லை, அதன் அடியிலும் பெயின்ட் இருக்கிறது, சுரண்ட வேண்டும். இரண்டு வளையக் கம்பியைத் தூக்கிப் போடாமல் ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை ஒரு மெல்லிய ஓட்டம் கடைந்து, அளந்து, வித்தியாசத்தைச் சுவரில் பென்சிலால் எழுதுகிறேன். 0.01, 0.01, 0.015, மழைக்காலத்தில் 0.02, போன வாரம் மறுபடி 0.01.